முந்தி வந்த கைதட்டல்

வைனோ கங்காஸின் இரண்டு உள்ளங்கைகளும் ஒன்றையொன்று தொடுவதற்கு முன்னாலேயே, காதில் மாட்டியிருந்த ஹெட்ஃபோனில் அந்தக் கைதட்டல் கேட்டுவிட்டது.

கொஞ்ச நேரம்தான். கண் இமைக்கிற நேரத்தில் பாதி. வேறு யாராவது என்றால் கவனித்திருக்கவே மாட்டார்கள். ஆனால் வைனோ முப்பத்தொரு வருஷம் சிஷம் ஊர் இரும்புச் சுரங்கத்தில் எலெக்ட்ரீஷியனாக இருந்தவர். எந்த மோட்டார் எந்த வாரம் செத்துப்போகும் என்று சத்தத்தை வைத்தே சொல்லக்கூடிய காது அவருக்கு. மைக்கில் விழுகிற சத்தம் கம்ப்யூட்டருக்குள் போய் ஹெட்ஃபோனுக்குத் திரும்பி வர ஒரு பொட்டு நேரம் பிடிக்கும். அது எங்கேயும் உள்ளதுதான். எவ்வளவு தாமதம் என்று பார்க்கத்தான் பாட்டைப் பதிவதற்கு முன் மைக்கின் முன்னால் ஒரு தடவை கை தட்டிப் பார்ப்பது. தாமதமாக வரலாம். முந்தி வரக் கூடாது.

மறுபடி கையைத் தூக்கினார். கைகளுக்கு நடுவில் இன்னும் ஒரு சாண் இடைவெளி இருந்தது.

பட்.

இப்போது தட்டாமல் நிறுத்திவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு எண்ணம் ஓடியது. எண்ணம் ஓடியதே தவிர, கை நிற்கவில்லை. போய்ச் சேர்ந்து தட்டிவிட்டுத்தான் நின்றது.

அவர் ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, கால்சட்டையில் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டார். காலை பத்தேகால் மணி. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது; பேஸ்மெண்டுக்கு ஜன்னல் கிடையாது, ஆகவே அங்கே பகல் என்றும் ராத்திரி என்றும் ஒன்றும் இல்லை. சுவர் முழுக்கப் பழைய கம்பளத்தை ஆணி அடித்து மாட்டியிருந்தார். அந்தக் கம்பளத்தின் நாய் வாடையும், பக்கத்து அறையில் இருக்கிற சானா என்கிற நீராவிக் குளியலறையிலிருந்து வருகிற தேவதாரு மர வாசனையும், கொதிகலன் எரியும்போது வருகிற மண்ணெண்ணெய் நெடியும் கலந்து, மூச்சில் ஒட்டிக்கொள்கிற மாதிரி ஒரு மணம் எப்போதும் அங்கே நிற்கும். பெண்டாட்டி மார்லிஸுக்கு அந்த மணம் பிடிக்கும். பிடித்திருந்தது.

திரையின் மூலையில் 'தாமதம்' என்று ஒரு கட்டம். அதில் மைனஸ் பதினொன்று என்று இருந்தது. மைனஸ் தாமதம் என்றால் என்ன எழவு? கம்ப்யூட்டர் சொல்வதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை அவர். ஆனால் காது சொன்னதும் அதையேதான்.

காரணம் அவருக்குத் தெரியாமல் இல்லை. மைக்கையும் கம்ப்யூட்டரையும் இணைக்க நடுவில் ஒரு பெட்டி வேண்டும். அந்தப் பெட்டி பேசுவதைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்க ஒரு குட்டி நிரல் வேண்டும். அதற்கு டிரைவர் என்று பெயர். வைனோவிடம் இரண்டு மைக் செருகுகிற பழைய பெட்டி இருந்தது. போன வாரம் மார்லிஸின் கடைசித் தம்பி லாயிட், எட்டு மைக் செருகுகிற புதுப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான். புது டிரைவரைப் போடுவதற்கு முன் பழையதை எடுத்துவிட வேண்டும். இந்த வேலை செய்கிற எவனுக்கும் தெரிந்த சங்கதி. எடுக்காவிட்டால் இரண்டும் உள்ளே இருந்துகொண்டு, நான்தான் எஜமான் என்று ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பதிவு புரோகிராம் படுத்துவிடும்.

தெரிந்தும் அவர் எடுக்கவில்லை. எடுக்க முடியாது.

மார்லிஸ் செத்தது அக்டோபரில். அதற்கு முன் மூன்று வருஷம், சாப்பாட்டுப் பாத்திரம் கழுவிய ஈரக்கையோடு கீழே வந்து, அந்தப் பழைய பெட்டியில்தான் பாடுவாள். பதினாலு பாட்டு. அந்தப் பதினாலும் பழைய பெட்டியின் டிரைவர் தனக்கென்று போட்டுக்கொண்ட ஃபோல்டருக்குள்ளேயே கிடந்தன. ஆரம்பத்தில் அது எங்கே சேமிக்கச் சொன்னதோ அங்கேயே அவரும் சேமித்துவிட்டார். வேறு பிரதி எடுத்து வைக்கவில்லை. இன்டர்நெட்டில் போட்டுவைக்கச் சொன்னார்கள். ஊர் பேர் தெரியாதவன் மெஷினில் என் பெண்டாட்டி குரலை நான் ஏன் வைக்க வேண்டும் என்று கேட்டார்.

அந்தப் பதினாலில் ஒன்று ஒரு வால்ட்ஸ், மூன்று தட்டுத் தாளத்தில் ஆடுகிற நடனப் பாட்டு. வாத்தியம் எதுவும் இல்லாமல் மார்லிஸின் வெறும் குரல். சாகிறதற்கு நாலு நாள் முன்னால் அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "என் தம்பிங்க ரெண்டு பேரும் அதுக்குச் சேர்ந்து வாசிக்கணும். ஒரே ரூம்ல உக்காந்து. நீங்க பண்ணி வைக்கணும்."

அவரும் தலையை ஆட்டிவிட்டார். இன்றைக்கு அதுதான் வேலை.

பஃபரை ஒரு படி ஏற்றினார். பஃபர் என்பது சத்தத்துக்கு ஒரு தொட்டி மாதிரி. தொட்டி சின்னதாக இருந்தால் கம்ப்யூட்டர் திணறிப் படுத்துக்கொள்ளும், பெரிதாக்கினால் கொஞ்சம் தாங்கும். இந்த வேலையில் இருக்கிறவனுக்குக் கை தானாகவே அங்கேதான் போகும். படுத்ததா, பஃபரை ஏற்று.

ஏற்றினார். கட்டத்தில் மைனஸ் எண்ணும் ஏறியது.

ஹெட்ஃபோனில் தொலைபேசி மணி அடித்தது. மேலே சமையலறையில் ஒரு சத்தமும் இல்லை. அவர் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒன்று, இரண்டு, மூன்று.

மேலே மணி அடித்தது.

*

ரூடிதான் பேசினான். மூத்த தம்பி, அறுபது வயது. "அத்தான், உங்க வீட்டு வாசல்ல அந்த லாயிட் வண்டி நிக்குது. நான் தெருமுனைல நிக்கிறேன். அவன் போன அப்பறம் வரேன்."

"டேய், அவனும் வாசிக்கத்தான்டா வந்திருக்கான். உள்ள வா. எஞ்சினை ஆஃப் பண்ணாத, உறைஞ்சிடும்."

"எனக்கு அவன் மூஞ்சியப் பாத்தா வாந்தி வரும்."

"கண்ணை மூடிக்கிட்டு வாசி. உங்க அக்கா கேட்டது வாசிக்கத்தான், பாக்க இல்ல."

ரூடி வந்தான். முதுகில் அக்கார்டியன் பெட்டி, தாடியில் பனிக்கட்டி. இடது கையில் மூன்று விரல்தான். மற்ற இரண்டும் நாலு வருஷத்துக்கு முன் மீன் பிடிக்க உறைந்த ஏரியில் துளை போட்டபோது, துளைப்பானில் சிக்கிய பாசியை ரூடி விலக்கிக்கொண்டிருக்கையில், குடித்திருந்த லாயிட் மோட்டாரைக் கிளப்பியதில் போனவை. அன்றிலிருந்து அண்ணனும் தம்பியும் பேசுவதில்லை. மார்லிஸின் அடக்கத்தில்கூடச் சவப்பெட்டியின் ஆளுக்கொரு பக்கம்தான் நின்றார்கள்.

வைனோ போனில் இருந்தபோதே உள்ளே வந்துவிட்ட லாயிட் கீழே உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த மான்கறி சாஸேஜைக் கத்தியால் சீவித் தின்றுகொண்டிருந்தான். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு.

"வாண்ணே. மூணு விரலை வெச்சுக்கிட்டு வாசிச்சிடுவியா?"

"மீதி ரெண்டும் உன் ஏரிலதான் கெடக்கு. எதாவது மீன் தின்னிருக்கும். புடிச்சுக் குடு, எடுத்து ஒட்டிக்கிறேன்."

லாயிட் சிரித்தான். ரூடி சிரிக்கவில்லை. வைனோ இருவருக்கும் நடுவில் போய் நின்று மைக்குகளைச் சரிசெய்தார். அக்கார்டியனுக்கு எதிரே வைத்திருந்தது பழைய ஸ்டாண்டு; அடியில் சமையல் சட்டி அகலத்துக்கு வார்ப்பிரும்பு வட்டு, பன்னிரண்டு கிலோ கனம். சுரங்கத்துப் பட்டறையில் அவரே வார்த்தது. அதை நகர்த்தியபோது தரை சிமெண்டில் உராய்ந்து டொய்ங் என்று ஒரு ஓசை, அந்த இரும்புக்கு மட்டுமே உள்ள ஓசை, வெகுநேரம் நின்றது.

பதிவு ஆரம்பித்தது. மூவர் காதிலும் மார்லிஸின் குரல். வெறும் குரல், ஒரு இருமலை விழுங்கிக்கொண்டு. ரூடி கண்ணை மூடிக்கொண்டான். அக்கார்டியனின் துருத்தி மெல்ல விரிந்து, கிழட்டு மாடு பெருமூச்சு விடுவதுபோல ஒரு தடவை காற்றை இழுத்துக்கொண்டு, பாட்டுக்குள் இறங்கியது. லாயிடின் கிடார் அதன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தது. நாலு வருஷம் பேசாதவர்கள் வாசித்த வாசிப்பா அது?

இரண்டாவது சரணத்தில் புரோகிராம் படுத்தது. திரை வெளுத்து, காதில் ஒரு கிறீச்.

"அத்தான், அந்தப் பழைய டிரைவரை எடுங்கன்னு எத்தனை தடவை சொல்றது? ரெண்டும் அடிச்சுக்குது," என்றான் லாயிட்.

"எடுக்க முடியாது."

"ஏன்?"

"எடுக்க முடியாதுன்னா முடியாதுடா." மார்லிஸின் பாட்டு அதற்குள் இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. பெண்டாட்டி குரலைத் தப்பான இடத்தில் வைத்திருப்பதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. மறுபடி இயக்கினார். பஃபரை இன்னொரு படி ஏற்றினார்.

தம்பிகளுக்கு முன்போலவே மார்லிஸின் குரல் மட்டும் போக, இந்தத் தடவை மைக்கில் விழுவதையும் தன் காதுக்குத் திருப்பிக் கேட்டார். அவர்கள் முதல் சரணத்தின் கடைசி வரியில் இருந்தார்கள். அவர் காதில் இரண்டாவது சரணம் தொடங்கிவிட்டிருந்தது. விரல் ஒன்று, ஓசை வேறு. எதிரே ரூடியின் கை மூடிக்கொண்டு போகிறது. காதில் துருத்தி விரிந்துகொண்டு வருகிறது. வைனோவுக்குக் காதும் கண்ணும் பிரிந்து தலை சுற்றியது.

அப்போது காதில் டங் என்று ஒரு கம்பி அறுந்தது. உடனே லாயிடின் குரல்: "ஐயோ! கண்ணு!"

எதிரே லாயிட் சுகமாகத் தலையை ஆட்டிக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தான்.

"லாயிட், நிறுத்து," என்றார் வைனோ. ஹெட்ஃபோனுக்குள் இருந்த லாயிடுக்கு அது கேட்கவில்லை. அவர் எழுந்தார். ஒரு அடி வைத்தார்.

டங்.

கம்பி கண்ணுக்குக் கீழே சாட்டை மாதிரி இழுத்துவிட்டது. கன்னம் பிளந்து ரத்தம் தாடைக்கு வந்து, கிடாரின் மஞ்சள் மரத்தில் சொட்டியது. "ஐயோ! கண்ணு!" என்றான் லாயிட். அதே குரல். அதே இழுப்பு.

ரூடி துருத்தியை மூடினான். "வலிக்குதாடா?" என்றான். அவன் உதட்டில் ஒரு சிரிப்பு இருந்தது. நாலு வருஷத்தில் தம்பியிடம் அவன் நேராகக் கேட்ட முதல் கேள்வி அது.

*

மேலே சமையலறையில் லாயிடின் கன்னத்தில் ரூடியே பிளாஸ்திரி ஒட்டினான். வைனோ அடுப்பில் காட்டரிசி சூப்பைச் சுடவைத்துக் கொடுத்துவிட்டு, "சாப்பிடுங்க, அடிச்சுக்காதீங்க," என்று சொல்லிக் கீழே வந்தார்.

புரோகிராம் மறுபடியும் படுத்திருந்தது. இந்தத் தடவை யாரும் தொடக்கூட இல்லை.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். நியாயமாகப் பார்த்தால் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு மேலே போயிருக்க வேண்டும். ஆனால் இயந்திரம் பொய் சொல்கிறதா நிஜம் சொல்கிறதா என்று பார்க்காமல் விட்டவர் இல்லை அவர். சுரங்கத்திலும் அப்படித்தான், எல்லாரும் தள்ளி நின்றபோது இவர்தான் பெட்டியைத் திறந்து கையை விடுவார். பஃபரை ஏற்றினார். கடைசிப் படி. அதற்கு மேல் இல்லை.

கட்டத்தில் எண் ஓடியது. மைனஸ். இலக்கங்கள் கட்டத்துக்குள் கொள்ளவில்லை.

பதிவை அழுத்தினார். ஹெட்ஃபோனை மாட்டினார்.

முதலில் கொதிகலனின் உறுமல். பிறகு கரகரப்பு, இரண்டு டிரைவர்களும் கடித்துக்கொள்கிற அந்தக் கரகரப்பு, பழுக்கக் காய்ந்த எண்ணெயில் தண்ணீர் தெளித்த மாதிரி. அதன் அடியில் யாரோ நாற்காலியை இழுத்து உட்காருகிறார்கள். விசைப்பலகையைத் தட்டுகிறார்கள். வெகுநேரம் தட்டுகிறார்கள். பிறகு படிக்கட்டில் காலடி, மேலிருந்து கீழே. இரண்டாவது ஆள். ஏதோ பேச்சு, கரகரப்பில் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. உட்கார்ந்திருக்கிறவன் சிரித்த மாதிரி இருந்தது.

பேச்சு நின்றது.

மூச்சு. யாரோ மூக்கால் விடுகிற மூச்சு. வேகமாக. மைக்குக்கு வெகு பக்கத்தில். மூச்சை வைத்து ஆளைச் சொல்ல வைனோவுக்குத் தெரியவில்லை.

டொய்ங்.

அந்த இரும்பு. அவர் கையால் வார்த்த இரும்பு.

அடி. ஈரமில்லாத அடி, மரத்தில் விழுந்த மாதிரி. ஒருவன் கத்தினான். அடி. இப்போது ஈரம். "போதும்... போதும்..." என்று ஒரு குரல், வாயில் எதையோ வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி. அடி. அக்கார்டியன் மேல் ஒரு உடம்பு விழுந்தது, எல்லாக் கட்டைகளும் ஒரேயடியாக அமுங்கி, துருத்தி முழுக் காற்றையும் ஊளையிட்டு வெளியே விட்டது. அந்த ஊளைக்கு நடுவே அடி. அடி. எங்கிருந்தோ ரூடியின் குரல், தெளிவாக: "அத்தான்! அத்தான்!" அடி.

அடி.

ஏழு. அவர் எண்ணியிருந்தார்.

அப்புறம் கரகரப்பு இல்லை. சொட்டு விழுகிற சத்தம் மட்டும்.

ஹெட்ஃபோனைப் பிடுங்கி எறிந்தார். பனியன் முதுகில் ஒட்டியிருந்தது. வாயில் இரும்பின் ருசி, நாக்கைக் கடித்திருந்தார்.

இரண்டு குரல். முனகுகிறவன் ஒருவன், கூப்பிடுகிறவன் ஒருவன். வீட்டில் பகையாளிகள் இரண்டு பேர். கணக்கு நேராக வந்தது. ரூடி தம்பியைக் கொல்லப் போகிறான். கொன்றுகொண்டே என்னைக் கூப்பிடப் போகிறான். விரலுக்குப் பதில் தலை. அதுவும் மார்லிஸின் பாட்டுக்காக நான் கூப்பிட்டு, நான் உட்காரவைத்த இடத்தில். நாளைக்கு அவள் கல்லறைக்கு எந்த மூஞ்சியோடு போவேன்?

எது எப்படி ஆனாலும் இன்றைக்கு அது நடக்கக் கூடாது. கம்பி அறுந்ததைத் தடுக்க முடியவில்லை. அப்போது எட்டு நொடிகூட இல்லை. இப்போது நேரம் இருக்கிறது.

ரூடியை அனுப்ப வேண்டும். அந்த இரும்பை வீட்டைவிட்டு வெளியே கொண்டுபோக வேண்டும்.

*

"ரூடி, கிளம்பு. இன்னைக்கு வேணாம்."

"என்ன அத்தான், இப்பதான சூப்பு ஊத்தினேன்."

"மெஷின் சரியில்ல. இன்னொரு நாள் பாத்துக்கலாம். கிளம்புடா."

லாயிட் சிரித்துக்கொண்டே எழுந்தான். "மெஷின் சரியில்லன்னா சரி பண்ணணும், ஆளைத் துரத்தக் கூடாது. அக்கா பாட்டு அத்தான். வாசிக்காம நான் போமாட்டேன். நீங்க அவனை வழியனுப்பிட்டு வாங்க." அவன் கீழே இறங்கிப் போகிற காலடியைக் கேட்டதும் வைனோவுக்கு ஒரு விதத்தில் நிம்மதிதான். இரண்டு பேரும் இரண்டு இடம்.

ரூடியின் தோளைப் பிடித்து வாசலுக்குத் தள்ளாத குறையாகக் கூட்டிப்போனார். ரூடி பூட்ஸை மாட்டினான், கழற்றினான், உள்காலுறையைச் சரிசெய்து மறுபடி மாட்டினான். மூன்று விரல் கையால் கயிற்றை முடிய அவனுக்கு நேரம் பிடிக்கும். அவசரத்தில் வைனோவே குனிந்து முடிந்துவிட்டார்.

"அத்தான்," என்றான் ரூடி, தலைக்கு மேலிருந்து. "நாங்க நல்லாத்தான வாசிச்சோம்?"

"நல்லா வாசிச்சீங்க."

"கண்ணை மூடியிருந்தப்ப, அவன் மேல கோவமே இல்ல எனக்கு. அதான் ஆச்சரியமா இருக்கு."

வைனோ கதவைத் திறந்தார். குளிர் முகத்தில் அறைந்தது. ரூடி பனிக்குள் இறங்கி, முழங்கால் அளவு பனியில் தன் வண்டியை நோக்கி நடந்தான். போய்விட்டான். வைனோ கதவைச் சாத்திக் கொண்டியைப் போடப் போனார். அப்புறம் இரும்பை வெளியே எடுத்துப்போக வேண்டுமே என்று போடாமல் விட்டார்.

ரூடியின் அக்கார்டியன் கீழேயே இருந்தது. இரண்டு பேருக்கும் அது நினைவில் இல்லை.

பேஸ்மெண்டுக்கு இறங்கினார். படி படியாக. மேலிருந்து கீழே. லாயிட் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, வெகு மும்முரமாகத் தட்டிக்கொண்டிருந்தான். அவன் நாற்காலியை ஒட்டி, தரையில் அக்கார்டியன். வைனோ அவனைத் தாண்டிப் போய், ஸ்டாண்டின் மேலிருந்த மைக்கைக் கழற்றிக் காலியாக இருந்த நாற்காலியில் வைத்தார். மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஸ்டாண்டுக் குழாயை நடுவில் பிடித்துத் தலைகீழாகத் தோளில் சாய்த்துக்கொண்டார், கராஜுக்குத் தூக்கிப்போக. வட்டு தோளுக்கு மேல் குளிர்ந்திருந்தது.

"அத்தான், வந்து பாருங்க," என்றான் லாயிட். "ஒரு வாரத்து வியாதியப் பத்து நிமிஷத்துல தீத்துட்டேன். ஒரு சுத்தம் பண்ற புரோகிராமை ஓடவிட்டேன். பழைய டிரைவரை வேரோட புடுங்கிருச்சு. அது ஃபோல்டரு, அதுல கெடந்த குப்பை, ஒண்ணு விடல. இனிமே படுக்கவே படுக்காது."

வைனோ நின்றார்.

"என்ன ஃபோல்டர்?"

"பழைய பெட்டியோட ஃபோல்டர்தான்."

"அதுக்குள்ள பாட்டு இருந்துச்சு."

"என்ன பாட்டு?"

"மார்லிஸ். பதினாலும்."

லாயிடுக்கு முதலில் புரியவில்லை. பிறகு, அவன் சுபாவம், கஷ்டமான இடத்தில் சிரித்துத்தான் பழக்கம். அக்காவின் சவப்பெட்டிப் பக்கத்திலும் சிரித்தவன். அண்ணனின் விரல் துண்டாகி ஐஸில் விழுந்தபோதும் முதலில் சிரித்தவன்தான். இப்போதும் சிரித்தான்.

"அய்ய, யாராச்சும் டிரைவர் ஃபோல்டருக்குள்ள பாட்டை வைப்பாங்களா அத்தான்?"

பேச்சு நின்றது.

வைனோவின் மூக்கில் மூச்சு வந்தது. போனது. வந்தது.

தோளிலிருந்து இரும்பு இறங்கியபோது குழாய் மேஜை விளிம்பில் இடித்தது.

டொய்ங்.

முதல் அடி லாயிடின் தலையின் பின்பக்கம் விழுந்தது. அவன் கத்தினான், திரும்பினான், ஒட்டிய பிளாஸ்திரிக்கு மேலே கண் அகலமாக இருந்தது. இரண்டாவது அடி அந்தக் கண்ணில். எலும்பு உள்ளே போனது கைக்குத் தெரிந்தது, தோள்பட்டை வரைக்கும் தெரிந்தது. "போதும்... போதும்..." என்றான் லாயிட், உடைந்த பல்லுக்கு நடுவில். மூன்றாவதில் நாற்காலியோடு சரிந்து அக்கார்டியன் மேல் விழுந்தான். துருத்தி ஊளையிட்டது.

அந்த ஊளையைக் கேட்டதும்தான் வைனோவுக்குத் தெரிந்தது.

மூச்சு யாருடையது என்று தெரிந்தது. எங்கே நிற்கிறோம் என்று தெரிந்தது. நிறுத்து என்று தனக்குச் சொன்னார். சொன்னாரே தவிர, கை நிற்கவில்லை.

நாலு.

இன்னும் மூன்று இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

ஐந்து. மேலே கதவு திறந்தது. அக்கார்டியனை மறந்துவிட்டுப் போனவன் திரும்பி வந்திருந்தான். படிக்கட்டின் தலைமாட்டில் பனி பூத்த பூட்ஸ். "அத்தான்! அத்தான்!"

ஆறு. கையில் பிடித்திருந்த குழாய் வழுக்கியது. அவர் இன்னும் கெட்டியாகப் பிடித்தார். வேண்டாம் வேண்டாம் என்று வாய் சொல்லிக்கொண்டிருந்தது, சத்தம் வரவில்லை.

ஏழு.

சொட்டு. சொட்டு.

ரூடி ஓடிவிட்டான். வாசல் கதவு குளிரில் அடித்துக்கொண்டது. தெருவில் அவன் யாரையோ கத்திக் கூப்பிடுவது தேய்ந்துபோனது.

வைனோ இரும்பைக் கீழே விடவில்லை. விரல் பிரியவில்லை. லாயிடின் முகம் இருந்த இடத்தில் முகம் இல்லை. அக்கார்டியனின் வெள்ளைக் கட்டைகளுக்கு நடுவே சிவப்பு இறங்கி ஊறிக்கொண்டிருந்தது. தேவதாரு வாசனை. நாய் வாடை. அதற்கு மேல், சுடச்சுட, கசாப்புக்கடை.

திரையில் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. படுக்கவில்லை. பழைய டிரைவர் பட்டியலில் இல்லை. ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஆனாலும் கட்டத்தில் மைனஸ். எண்ணைக் காண முடியாமல் ரத்தம் தெறித்திருந்தது.

மேஜை விளிம்பிலிருந்து ஹெட்ஃபோன் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. அதற்குள் ஏதோ கேட்டது.

போலீஸ் வண்டியின் ஊளையாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். பூட்ஸ் சத்தமாக இருக்க வேண்டும். கையைத் தூக்கு என்று எவனாவது கத்துகிற சத்தம். எதுவாவது. குனிந்து காதைப் பக்கத்தில் கொண்டுபோனார்.

கொதிகலன். சொட்டு.

பட்.

கைதட்டல். ஒரே ஒரு தடவை. தாமதம் எவ்வளவு என்று மைக்கின் முன்னால் தட்டிப் பார்ப்பார்களே, அந்த மாதிரி.

அவர் தன் கையைப் பார்த்தார். இரண்டும் இரும்பைப் பிடித்திருந்தன. ரூடி இல்லை. இருந்தாலும் அவன் கையில் இவ்வளவு நிறைந்த சத்தம் வராது.

பட்.

இந்த அறையில் இன்னும் யாரும் கை தட்டவில்லை.

கீழே, லாயிடின் வலது கை தரையைவிட்டு ஒரு விரற்கடை எழும்பியிருந்தது. அக்கார்டியன் கட்டைகளின் மேல் மெல்லத் தடவித் தடவி, அது தன் இடது கையைத் தேடிக்கொண்டிருந்தது.